பட்டியலில் சேராத தோல்

முனைவர் பட்ட ஆய்வுக்காக நான்கரை வருடம் மற்றவர்களிடம் தோல் கேட்டு அலைந்தவள் நான். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, மிளகு அளவுத் துண்டுதான். ஆனால் ஒரே ஆளிடமிருந்து மூன்று துண்டு வேண்டும். புற்று வந்த இடத்திலிருந்து ஒன்று, அதன் பக்கத்தில் வெயிலில் அடிபட்ட தோலிலிருந்து ஒன்று, வெயிலே படாத இடத்திலிருந்து ஒன்று. முதல் இரண்டையும் கேட்டால் தந்துவிடுவார்கள். எப்படியும் மருத்துவர் வெட்டி எடுக்கப் போகிற பகுதிதானே. மூன்றாவதைக் கேட்கும்போதுதான் முகம் மாறும்.

"கெட்ட தோல எடுத்துக்குங்க அம்மணி, வேண்டாங்கல. நல்ல தோல எதுக்குங்க கேக்கறீங்க?" என்றார் அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். அவருக்கு மூக்கோரத்தில் ஆறாத புண். வெயில் படாத தோலோடு ஒப்பிட்டால்தான் வெயில் என்ன செய்தது என்று தெரியும் என விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்த மகனிடம் திரும்பி, இந்தப் புள்ள படிச்சு முடிக்கறதுக்கு நம்ம தோலு வேணுமாமா என்றார். அது பொய்யும் இல்லை. மகன் கையெழுத்துப் போட விடாமல் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த மாதம் எனக்கு ஒரு மாதிரிகூடக் கிடைக்கவில்லை.

என் வீடு சோமனூரில். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் எனக்குக் குரல் பெரிது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அதற்காகப் பலமுறை திட்டு வாங்கியிருக்கிறேன். காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறிக் கோயம்புத்தூர் வருவேன். பாதி நாள் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவு, மீதி நாள் ஆய்வுக்கூடம். என்ன படிக்கிறாய் என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் அப்பா, "தோலுல என்னமோ பண்ணுது" என்று சொல்லி முடித்துக்கொள்வார்.

அந்த 'என்னமோ' இதுதான். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. வேலை செய்கிற மரபணு தன் செய்தியை ஒரு பிரதியாக எடுத்து அனுப்பும். அந்தப் பிரதியைப் பார்த்துச் செல் புரதம் தயாரிக்கும். மைக்ரோ ஆர்.என்.ஏ என்பவை மிகச் சிறிய துணுக்குகள். அவை அந்தப் பிரதியில் போய் ஒட்டிக்கொண்டால் புரதம் உருவாகாது. பல வருடம் வெயில் வாங்கிய தோலில் எந்த மரபணு அதிகம் வேலை செய்கிறது, எந்தத் துணுக்கு கூடுகிறது, எது குறைகிறது, புற்றாகும் வழியில் இதெல்லாம் எங்கே மாறத் தொடங்குகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. நான் படித்த கட்டுரைகள் அநேகமாக எல்லாமே வெள்ளைக்காரர்களின் தோலை வைத்து எழுதப்பட்டவை. மஞ்சள் காட்டிலும் சோளக்காட்டிலும் வாழ்நாள் முழுக்க நின்றவர்களின் தோலைப் பற்றி யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை என்பதால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன். அந்த ஆர்வம் இரண்டாவது வருடத்திலேயே பாதி தீர்ந்துவிட்டது. நம் ஆட்களுக்குக் கருத்த தோலே பெரிய காப்பு என்பதால் இந்தப் புற்று வருவது குறைவு. வந்தவர்களும் துண்டு தரத் தயங்கினார்கள்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் அந்த அக்கா வந்தார்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். தலைமுடி, புருவம், இமை எல்லாம் வைக்கோல் நிறம். பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாதவர். புடவை மறைத்த இடமெல்லாம் பால்போல் இருக்க, முகமும் கழுத்தும் முன்கையும் செங்கல் நிறத்தில் தடித்துச் சொரசொரத்துக் கிடந்தன. வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாமல் சுருக்கிக்கொண்டே இருந்தார். வலது காதுக்குக் கீழே கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புண், மேலே பொருக்குக் கட்டி. முதலில் பருபோல வந்ததாம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டிருக்கிறார். ஒரு வருடம் அப்படியே ஓடியிருக்கிறது. அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தனியாகப் பேருந்தில் வந்திருந்தார். களை எடுப்பது, வெங்காயம் பிடுங்குவது, ஆடு மேய்ப்பது என்று பன்னிரண்டு வயதிலிருந்து வெயிலில்தான் வேலை. ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, வெள்ளச்சி என்பார்கள் என்று அவரே சொன்னார். சொல்லும்போது வருத்தமாகவும் சொல்லவில்லை, சிரிப்பாகவும் சொல்லவில்லை.

மருத்துவர் பார்த்தவுடனே, தோல் புற்றில் ஒரு வகையான செதிள் செல் புற்று என்றார். நல்லவேளையாக நெறிக்கட்டிக்குப் பரவியதற்கான அடையாளம் இல்லை. இரண்டு வாரத்தில் அறுவைசிகிச்சை என்று தேதி குறித்தார்கள்.

அந்த அக்காவைப் பார்த்ததும் எனக்குள் எழுந்தது இரக்கம் என்று எழுத ஆசைதான். முதலில் எழுந்தது பரபரப்பு. வெயில் தோலில் என்னென்ன செய்யும் என்பதை இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை. ஒரே உடம்பில் வெயில் துளியும் படாத தோல், முப்பது வருடம் தடையில்லாமல் வெயில் வாங்கிய தோல், புற்று, மூன்றும் இருந்தன. அவரிடம் உட்கார்ந்து விளக்கினேன். மற்றவர்களைப்போல அவர் முகம் மாறவில்லை.

"எடுத்துக்குங்க அம்மணி. அறுக்கறதுதான் அறுக்கறாங்க, இன்னும் ஒரு கிள்ளு கூட எடுத்தா என்ன ஆயிரப்போவுது" என்றார்.

ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நெறிமுறைக் குழுவுக்கு நாமே எழுதிக் கொடுத்த திட்டத்தின் ஆறாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். யார் யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பட்டியல் அதில் இருந்தது. பிறவியில் நிறமி இல்லாதவர்கள் மூன்றாவது வரி. அந்த வரியைத் தட்டச்சு செய்தவளே நான்தான். வேறொரு ஆய்வின் திட்டத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தேன்.

"அவங்க தோல் வேற மாதிரிம்மா. அவங்களைச் சேர்த்தா உன்னோட சராசரியே ஒரு பக்கமா சாஞ்சிரும்" என்றார் சார்.

அவர் சொன்னதில் தவறில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. தவறென்றால் சண்டை போட்டிருக்கலாம். வெயில் கெடுத்த தோலைப் பற்றிய ஆய்வில், எங்கள் பக்கத்திலேயே வெயிலால் அதிகம் கெட்ட தோலுக்கு இடமில்லை என்பது சரியான விதி. அதே நேரம் எவ்வளவு அபத்தம். இரண்டு நாள் அவர் அறை வாசலில் நின்று நச்சரித்தேன். கடைசியில், சராசரியில் சேர்க்காமல், ஒரே ஆளைப் பற்றிய தனி நேர்வாக எடுப்பதானால் குழுவிடம் திருத்த அனுமதி கேட்டுப் பார் என்று விட்டுக்கொடுத்தார்.

குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். அவசரப் பரிசீலனை என்று ஒரு வழி இருப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். இணைப்பு குறைகிறது என்று திருப்பினார்கள். சேர்த்துக் கொடுத்தேன். ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவத்தில் பழைய தேதி இருக்கிறது என்று திருப்பினார்கள். மாற்றினேன். கையெழுத்துப் போட வேண்டியவர் மாநாட்டுக்குப் போயிருந்தார். அவர் வந்த அன்று காலை எட்டு மணிக்கே அவர் அறைக்கு வெளியே நின்றேன். அறுவைசிகிச்சைக்கு முந்தின நாள் மதியம் கடிதம் கையில் வந்தது.

அன்று மாலையே வார்டில் அந்த அக்காவிடம் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டினேன். ஒன்பது பக்கம். அவருக்குப் பார்வை மங்கல். தாளை மூக்குக்கு அருகில் வைத்துத் தன் பெயர் எழுத வேண்டிய கோட்டை மட்டும் தேடிக்கொண்டிருந்தார். விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம் என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"நான் எதுக்குங்க வெலகோணும்? என்னைய சேக்கறதுக்குத்தான நீங்க இத்தன நாளா அலையறீங்க" என்றார். அவரிடம் இதை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வராந்தாவில் நான் தொலைபேசியில் கத்தியதைக் கேட்டிருப்பார்.

அறுவைசிகிச்சை மறுநாள் காலை பதினோரு மணிக்கு. ஆர்.என்.ஏ மிக வேகமாகச் சிதையும். தோல் உடம்பிலிருந்து பிரிந்த சில நிமிடங்களில் அதற்கென்று உள்ள பாதுகாப்புத் திரவத்தில் போட்டால்தான் மரபணுக்களின் பிரதிகள் முழுசாகக் கிடைக்கும். பெயர் ஒட்டிய மூன்று குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். அவிநாசி சாலையில் ஒரு லாரி பழுதாகிக் குறுக்கே நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன், பிறகு ஆட்டோ பிடித்தேன். பத்தேகாலுக்கு அறுவை அரங்கின் வாசலுக்கு வந்தபோது அந்த அக்காவை ஏற்கெனவே வெளியே கொண்டுவந்துவிட்டிருந்தார்கள். முதல் நோயாளிக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டதால் அவரைத் தள்ளிவைத்துவிட்டு இவரை எட்டு மணிக்கே உள்ளே எடுத்திருக்கிறார்கள்.

உள்ளிருந்து வந்த செவிலியர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் காட்டினார். கட்டி, அதைச் சுற்றியிருந்த தோல், புடவைக் கட்டுக்குக் கீழே எடுத்த சிறு துண்டு, மூன்றும் ஃபார்மலினில் மிதந்துகொண்டிருந்தன. உங்க துண்டையும் மறக்காம எடுத்து வெச்சிட்டோம் மேடம் என்றார், சந்தோஷமாக. எந்தத் திசுவாக இருந்தாலும் ஃபார்மலினில் போட வேண்டும் என்பது அவர்களுடைய விதி. அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். நான் நன்றி சொன்னேன். பிறகு படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். மடியில் ஐஸ் பெட்டி இருந்தது. அதைத் தூக்கி எறியலாமா என்றுகூட இருந்தது. சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

ஃபார்மலினில் ஊறிய திசுவை மெழுகில் பதித்துக் கட்டியாக்கி, நோய்க்கூறியல் பிரிவில் வைத்திருப்பார்கள். அதில் மரபணுக்களின் நீளமான பிரதிகள் துண்டு துண்டாக உடைந்துபோயிருக்கும். மைக்ரோ ஆர்.என்.ஏ மட்டும் ஏற்கெனவே மிகச் சிறியது என்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். அதையாவது பார்க்கலாம் என்று கேட்டேன். அந்த மெழுகுக் கட்டியைச் சீவித் தருவதற்கு இன்னொரு கடிதம், அதற்கு இன்னொரு கையெழுத்து என்று நாலு மாதம் ஆயிற்று.

அதற்குள் அந்த அக்கா கழுத்தில் தழும்போடு மறுபரிசோதனைக்கு வந்தார். புற்றைச் சுற்றி எடுத்த ஓரங்களில் நோய் இல்லை என்று அறிக்கை வந்திருந்தது. எல்லோரும் நிம்மதியானோம். மருத்துவர் அவரிடம் இனி வெயிலில் வேலை செய்யக் கூடாது, முழுக்கைச் சட்டை, தொப்பி, வெயில் தடுப்புக் களிம்பு என்று வரிசையாகச் சொன்னார். அவர் எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றார். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

அவர் ஊருக்குப் பக்கத்தில் ஒரு நாற்றுப் பண்ணை இருக்கிறதாம். நிழல்வலைக் குடிலுக்குள் உட்கார்ந்து குழித்தட்டில் தக்காளி, மிளகாய் விதை போடுகிற வேலை. போய்க் கேட்டிருக்கிறார். இந்தச் சீக்கு மற்றவர்களுக்கு ஒட்டாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால் பார்க்கலாம் என்று பண்ணைக்காரர் சொல்லியிருக்கிறார்.

"நெனலுல ஒரு வேல கெடச்சாப் போதுமுங்க. ஒரு சீட்டு எழுதிக் குடுங்க அம்மணி" என்றார்.

நான் அந்த மாதிரி டாக்டர் இல்லை, பட்டம் வந்த பிறகும் அந்த மாதிரி டாக்டர் ஆக மாட்டேன் என்று சொன்னேன். அவருக்கு அது புரியவில்லை. இத்தனை நாள் வெள்ளை அங்கியோடு பார்த்த ஒருத்தி ஒரு சீட்டு எழுத முடியாது என்றால் யாருக்குத்தான் புரியும். மருத்துவரிடம் போனேன். அவர் அறைக்கு வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். ஒட்டாத நோய்க்கு ஒட்டாது என்று சான்றிதழ் தர எந்தப் படிவமும் இல்லை, புறநோயாளி சீட்டிலேயே நோயின் பெயர் இருக்கிறதே, அதைக் காட்டச் சொல் என்றார். அந்தச் சீட்டில் ஆங்கிலத்தில் புற்றுநோய் என்று எழுதியிருந்தது. அதைக் காட்டினால் பண்ணைக்காரர் கேட்டைத் திறக்கவே மாட்டார்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை நானே பண்ணைக்குக் கிளம்பிவிட்டேன். பண்ணைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெகு மரியாதையாக நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு, "ஏனுங் மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க. வேல செய்யற பொம்பளைங்க ஒரே கொடத்துல தண்ணி குடிக்கறாங்க. அவுங்க சங்கடப்படுவாங்கல்லீங்க" என்றார்.

ஒட்டாது என்று மறுபடியும் சொன்னேன். சரிங்க என்றார். தொட்டால், பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரே தம்ளரில் குடித்தால், எதனாலும் வராது என்றேன். அதற்கும் சரிங்க என்றார். அவ்வளவு மரியாதையான மறுப்பை எப்படி உடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்திருக்கப் போகும்போது அவர் மனைவி உள்ளே இருந்து வந்தார். நான் தோல் ஆராய்ச்சி செய்கிறவள் என்று தெரிந்ததும் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். இரண்டு கன்னத்திலும் மங்கு கருந்திட்டாகப் படர்ந்திருந்தது. கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் இரண்டு கிளினிக் பார்த்தாயிற்றாம், எத்தனையோ களிம்பு போட்டாயிற்றாம். நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு மாத எரிச்சலும் அந்த அம்மா கன்னத்தின்மேல் போய் இறங்கியது. களிம்பு போட்டுவிட்டு வெயிலில் நின்றால் எதுவும் போகாது என்றேன், என் தறிக்கூடக் குரலில்.

"வெயிலுதானுங்களா காரணம்?"

"வெயிலு முக்கியமான காரணமுங்க. அந்த அக்காவுக்கு வந்ததும் வெயிலாலதான். உங்க பக்கத்துல ஒக்காந்தா இந்த மங்கு எனக்கு ஒட்டுமாங்க?"

அந்த அம்மா கன்னத்தைத் தடவிக்கொண்டார். அவமானப்படுத்திவிட்டேனோ என்று பயந்தேன். பிறகு அவர் கணவனைப் பார்க்காமலே, "திங்கக்கெழம வரச் சொல்லுங்க. தண்ணிக்கு அவங்கவங்க பாட்டில் கொண்டாந்துக்கட்டும், எல்லாருமேதான்" என்றார்.

நான்கரை வருடத்தில் நான் செய்த ஒரே பயனுள்ள காரியம் அதுதான் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. அதை ஆய்வேட்டில் எழுத இடமில்லை.

மெழுகுக் கட்டியின் சீவல்கள் கிடைத்ததும் மைக்ரோ ஆர்.என்.ஏக்களை அளந்தேன். இருபத்தொன்று என்ற எண் கொண்ட துணுக்கு, பல புற்றுகளில் உயர்ந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, அவர் கட்டியிலும் உயர்ந்திருந்தது. தோல் ஒழுங்காக முதிர்வதற்கு உதவும் இருநூற்று மூன்றாம் எண் துணுக்கு தாழ்ந்திருந்தது. இவை எதிர்பார்த்தவைதான். ஆனால் கட்டிக்குப் பக்கத்தில், நுண்ணோக்கியில் புற்று இல்லை என்று எழுதப்பட்ட தோலிலும், அதே சாய்வு இருந்தது. புடவைக்குக் கீழ் எடுத்த தோலில் இல்லை. மூன்று முறை திரும்பச் செய்து பார்த்தேன். மூன்று முறையும் அப்படியே வந்தது.

தாளை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். அவரும் நெடுநேரம் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். பிறகு வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரே ஒரு ஆள். அதுவும் ஃபார்மலின் மாதிரி. என் மற்ற மாதிரிகள் எல்லாம் பாதுகாப்புத் திரவத்தில் எடுத்தவை, இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைக்க முடியாது. மரபணுப் பிரதிகளின் அளவும் இல்லை. அந்தக் கழுத்தில் மறுபடி புற்று வரும் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"முடியாது. வராதுன்னும் சொல்ல முடியாது. இது இன்னும் பரிசோதனை இல்லம்மா, வெறும் அளவு" என்றார்.

அந்த அக்காவிடம் என்ன சொல்வது என்று பல நாள் யோசித்தேன். உங்கள் தழும்புக்குப் பக்கத்துத் தோலில் ஏதோ சரியில்லாததுபோல எனக்கு மட்டும் தெரிகிறது என்றா சொல்வது. கடைசியில் மருத்துவர் எப்படியும் சொன்னதையே இன்னும் அழுத்திச் சொன்னேன்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டாயம் வரவேண்டும், தழும்பைச் சுற்றித் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். சரிங்க என்றார். ஒரு முறை வந்தார். அடுத்த முறை பண்ணையில் நாற்று அனுப்புகிற நேரம், வரவில்லை. அதற்கடுத்த முறை, பேருந்து ஏறுகிற இடத்தில் கண் கூசி நின்றதில் தலைவலி வந்துவிட்டதாம், திரும்பிப் போய்விட்டார். தொலைபேசியில் நான் கத்துவேன். அவர் அம்மணி, அம்மணி என்று சமாதானம் சொல்வார்.

ஒன்றரை வருடம் கழித்து அவர் வந்தபோது நான் நேராகக் கழுத்தைத்தான் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மறுபடி மறுபடி விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவர் பொறுமையாக இருந்துவிட்டு, "அதுல ஒண்ணும் இல்லீங்க அம்மணி. இதப் பாருங்க" என்று இடது கையை நீட்டினார். புறங்கையில், கட்டை விரலுக்கு மேலே, மிளகாய் விதை போட்டது போல ஒரு சின்ன முடிச்சு. நான் எந்த அளவும் எடுக்காத இடம். என் எண்கள் எச்சரித்த கழுத்தில் ஒன்றும் வரவில்லை. நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத கையில் வந்திருந்தது.

சின்னதாக இருக்கும்போதே வந்தது நல்லது என்றார் மருத்துவர். எப்படிக் கவனித்தீர்கள் என்று அக்காவைக் கேட்டேன். விதை போடும்போது தட்டின் ஓரத்தில் உரசிக்கொண்டே இருந்ததாம். பண்ணைக்கார அம்மாதான், அலட்சியமாக விடாதே, போய்க் காட்டு என்று அனுப்பிவைத்தாராம்.

இந்த முறை எனக்குத் தேதியும் நேரமும் சரியாகத் தெரியும். செவிலியரையும் தெரியும். குப்பிகள் ஆய்வுக்கூடத்தின் குளிர்பெட்டியில் தயாராக இருந்தன. ஆனால் ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் காலம் இரண்டு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. அந்த ஒற்றை நேர்வு அனுமதியும் ஒரே அறுவைசிகிச்சைக்குத்தான். கேட்டுப் பார்த்தேன். புதிய திட்டமாக எழுதிக் கொடு என்றார்கள். கையை மரக்கவைத்து முக்கால் மணி நேரத்தில் முடிச்சை எடுத்துவிட்டார்கள். விதிப்படி அது ஃபார்மலினுக்குள் போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

"இந்தத் தடவ உங்களுக்கு வேண்டாங்களா?" என்று கட்டுப்போட்ட கையோடு கேட்டார்.

 அனுமதி முடிந்துவிட்டது என்றேன்.

"அப்பப் போன தடவ குடுத்தது உங்களுக்கு ஆச்சுங்களா?"

ஆச்சுங்கக்கா என்றேன். அது முழு உண்மையில்லை. நான் அனுப்பிய கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர்களில் ஒருவர், அந்த ஒற்றை நேர்வு மற்றவற்றோடு பொருந்தவில்லை, எடுத்துவிடவும் என்று எழுதியிருந்தார். எடுத்துவிட்டேன். ஆய்வேட்டில் மட்டும், கடைசியில், நூல் பட்டியலுக்கு முன்னால் பின்னிணைப்பாக இரண்டு பக்கம் வைத்தேன். சில மாதம் கழித்து நடந்த வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எல்லா அத்தியாயங்களையும் புரட்டினார். பின்னிணைப்பைத் திறக்கவில்லை. பட்டம் கொடுத்துவிட்டார்கள். அப்பா தறிக்கூடத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். இனிமேல் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். போட்டுக்கொள்ளலாம், ஆனால் சீட்டு எழுத முடியாது என்றேன். அவர் சிரித்தார், வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து.

புறங்கை முடிச்சும் புற்றுதான் என்று பின்னால் அறிக்கை வந்தது, முழுசாக எடுத்தாயிற்று என்றும் வந்தது. முடிச்சை எடுத்த அன்று, ஒரு வாரம் கையை நனைக்கக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தோம். மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டேன். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தமும் தண்ணீர் தெளிக்கிற சத்தமும் கேட்டன. எங்கே இருக்கிறீர்கள் என்றேன். பண்ணையில்தான், கையில் பாலிதீன் கவர் கட்டியிருக்கிறேன், ஒரு கையால்தான் போடுகிறேன் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தையல் பிரிந்தால் என்ன செய்வீர்கள், யார் பார்ப்பார்கள் என்று கத்தினேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

அடுத்த பரிசோதனைக்கு நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், நீங்கள் பேருந்துக்கு நிற்க வேண்டாம் என்றேன்.

"நீங்க எதுக்குங்க அலையறீங்க. நானே வாரேனுங்க" என்றார்.

வராமல் போன இரண்டு முறையும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார்.